ஓஎம்ஆர்-ல ஐடி வேலை பாத்துக்கிட்டே அஞ்சு வேளை தொழுகையையும் நோன்பையும் விடாம இருக்கிறது எப்படி

எனக்கு ஊரு கம்பம், தேனி மாவட்டம், ராவுத்தர் வீடு. ஊர்ல இருக்கிற வரைக்கும் தொழுகைக்குன்னு நான் தனியா எந்த முயற்சியும் எடுத்ததில்ல, சுபுஹுக்கு, அதாவது விடியக்காலை தொழுகைக்கு, பாங்கு சொன்னதும் அத்தா (அப்பா) எந்திரிச்சு லைட்ட போடுவாரு, அந்த வெளிச்சத்துல நானும் தம்பியும் எந்திரிச்சுருவோம், பள்ளிவாசலுக்கு போற வழியில எதுத்த வீட்டு மாமா சேந்துக்குவாரு, ஒரு நாள் போகலன்னா சாயங்காலம் டீக்கடையில நாலு பேராச்சும் "என்னப்பா காலையில காணோம், உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டுருவாங்க. ஊரே சேந்து நம்மள தூக்கி நிறுத்திக்கிட்டு இருந்திருக்குன்னு சென்னை ஓஎம்ஆர்-ல (பழைய மகாபலிபுரம் ரோடு) இருக்கிற துரைப்பாக்கத்துல ஒரு பிஜி ரூமுக்கு வந்தப்புறம் தான் தெரிஞ்சது.

இங்க பாங்கு கேக்காது, ஏசி சத்தம் தான் கேக்கும். நைட்டு கால் முடிய 11.30 ஆகும், காலையில கண்ணு முழிச்சா மணி 8. அத்தா தினமும் போன் பண்ணுவாரு, முதல் கேள்வியே "தொழுதியாப்பா" தான், நான் "ஆமாத்தா"ன்னு சொல்லிருவேன். தொழாமலே சொன்னேன், கிட்டத்தட்ட 6 மாசம் அப்படி தான் ஓடுச்சு. தொழுகை போனது ஒரு பக்கம், அத்தா கிட்ட பொய் சொன்னது இன்னொரு பக்கம், ரெண்டாவது தான் ராத்திரி தூங்க விடல. அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா சரி பண்ணேன், அத இங்க எழுதுறேன், புதுசா சென்னைக்கு வேலைக்கு வர்ற தம்பி தங்கச்சிங்களுக்கு யூஸ் ஆகும். நான் ஆலிம் (மார்க்கம் படிச்சவர்) கிடையாது, மார்க்க சட்டத்துல சந்தேகம்னா உங்க ஊரு ஹஜ்ரத் கிட்டயே கேளுங்க, நான் சொல்றது எல்லாம் ஏற்பாடு பத்தின விஷயம் தான்.

முதல்ல நேரத்த மனப்பாடம் பண்ணுங்க

ஆப் இருக்கேன்னு விட்டுறாதீங்க, ஆப் நோட்டிபிகேஷன நாம தள்ளி விட்டுக்கிட்டே இருப்போம். நேரம் மனசுல இருந்தா தான் மீட்டிங் போடும்போதே கை நிக்கும். சென்னையில லுஹர் (மதிய தொழுகை) வருஷம் பூரா பெருசா மாறாது, 11.55-ல இருந்து 12.25-க்குள்ள நுழைஞ்சுரும், அதனால லஞ்ச் பிரேக்லயே முடிஞ்சுரும், இதுல யாருக்கும் பிரச்சனை வந்து நான் பாத்ததில்ல. அசர் (சாயங்கால தொழுகை) எங்க ஹனஃபி மார்க்க சட்ட முறையில 4 மணிக்கும் 4.45-க்கும் நடுவுல வரும், ஷாஃபி முறைன்னா அதுக்கு ஒரு மணி நேரம் போல முன்னாடி. காயல்பட்டினம், கீழக்கரை பக்கத்து பசங்க என் டீம்ல இருந்தாங்க, அவங்க மூணரைக்கே எந்திரிச்சு போவாங்க, நான் நாலரைக்கு போவேன், ஒரே ரூம அடுத்தடுத்து யூஸ் பண்ணிக்குவோம்.

சிக்கல் மஃரிப் (சூரியன் மறைஞ்சதும் தொழுறது) தான். நவம்பர்ல 5.40-க்கே சூரியன் மறைஞ்சுரும், ஜூலையில 6.40 ஆயிரும், அதுவும் இல்லாம ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல தான் அதோட நேரமே. அமெரிக்கா கிளையண்ட் உள்ளவங்களுக்கு சரியா அந்த நேரத்துல தான் ஸ்டாண்டப் கால் (டீமோட தினசரி மீட்டிங்) வரும். இதுல ஒரு கணக்கு இருக்கு, அத நான் ரெண்டு வருஷம் கவனிக்கவே இல்ல. அவங்க காலையில 9 மணின்னா நியூயார்க் பக்கத்துக்கு நமக்கு குளிர்காலத்துல 7.30, மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் தள்ளி வெச்சதும் நமக்கு அதே கால் 6.30-க்கு வந்துரும், நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் அப்படியே தான். 2024-ல அவங்க மார்ச் 10 கடிகாரத்த மாத்துனாங்க, நமக்கு மார்ச் 12 முதல் நோன்பு, மஃரிப் 6.20, கால் 6.30. பத்து நிமிஷத்துல நோன்பு திறந்து தொழுதுட்டு ஹெட்போன மாட்டணும். முதல் நாள் ஒரு பேரீச்சம்பழத்த வாயில போட்டுக்கிட்டே கால்ல ஜாயின் பண்ணேன், மஃரிப கடைசி நேரத்துல தொழுதேன், மனசே ஆறல.

மறுநாள் கிளையண்ட் பக்கத்து லீட் கிட்ட நேரா சொன்னேன், இந்த ஒரு மாசத்துக்கு கால அரை மணி நேரம் தள்ளி வெக்க முடியுமான்னு. அந்தம்மா யோசிக்கவே இல்ல, அப்பவே மாத்திட்டாங்க, ஏன் முன்னாடியே சொல்லலன்னு தான் கேட்டாங்க. அதனால இப்ப நான் என்ன பண்றேன்னா ரமலானுக்கு ஒரு மாசம் முன்னாடியே காலண்டர்ல 6.15-ல இருந்து 6.45 வரைக்கும் பிளாக் போட்டுருவேன், அதுல "தொழுகை"ன்னே எழுதுவேன், "பர்சனல்"னு போட்டா அது மேலயே மீட்டிங் வெப்பாங்க, தொழுகைன்னு இருந்தா யாரும் வெக்கிறதில்ல. இத தான் எல்லாருக்கும் முதல்ல சொல்லுவேன்.

இடமும் ஒளுவும்

ஆபீஸ்ல தொழுகைக்குன்னே ரூம் இருந்தா அல்ஹம்துலில்லாஹ், இல்லன்னா அட்மின் டீமுக்கு ஒரு மெயில் போடுங்க, ஒரு சின்ன ரூம் அல்லது மறைவான ஒரு மூலை போதும்னு. அது கிடைக்கிற வரைக்கும் ரெண்டு பேரு உக்கார்ற மீட்டிங் ரூம் 15 நிமிஷம் புக் பண்ணிக்கலாம், நாலு ரக்அத் (சுற்று) ஃபர்ளு (கட்டாய தொழுகை) தொழ ஆறு ஏழு நிமிஷம் தான் ஆகும். ஃபயர் ஸ்டேர்கேஸ்ல தொழாதீங்க, நானும் ஆரம்பத்துல அங்க தான் தொழுதேன், அவசரத்துக்கு ஜனங்க ஓடுற வழி அது, செக்யூரிட்டி அண்ணனுக்கும் அதனால திட்டு விழும். நம்ம தொழுகையால இன்னொருத்தருக்கு சங்கடம் வரக்கூடாது.

பொண்ணுங்களுக்கு இந்த ரூம் விஷயம் இன்னும் முக்கியம், ஏன்னா பக்கத்துல பள்ளி இருந்தாலும் பெண்களுக்கு இடம் உள்ள பள்ளி குறைவு. என் கூட வேலை பாத்த ஒரு தங்கச்சி ஒரு வருஷமா லுஹரையும் அசரையும் வீட்டுக்கு போய் கஸா (நேரம் தவறினத பின்னாடி தொழுறது) பண்ணிக்கிட்டு இருந்திருக்கு, கேக்க கூச்சப்பட்டுக்கிட்டு. நாங்க நாலு பேரா சேந்து கேட்டதும் ரெண்டே வாரத்துல ரூம் வந்துச்சு. தனியா கேக்க தயக்கமா இருந்தா சேந்து கேளுங்க.

கிப்லா, அதாவது தொழும்போது பாக்க வேண்டிய மக்கா திசை, ரொம்ப சுலபம். ஓஎம்ஆர்-ல கிழக்கு பக்கம் கடல், கடல முதுகுக்குப் பின்னாடி வெச்சு மேற்க பாத்து நில்லுங்க, அங்க இருந்து வலது கை பக்கமா, அதாவது வடக்கு நோக்கி 18 டிகிரி போல திரும்புங்க, அவ்வளவு தான். கண்ணாடி கட்டடத்துக்குள்ள போன்ல காம்பஸ் சுத்திக்கிட்டே இருக்கும், அத நம்புறதுக்கு இது மேல்.

ஒளு, அதாவது தொழுகைக்கு முன்னாடி கை, மூஞ்சி, கால் கழுவுறது, அது தான் ஆபீஸ்ல பெரிய கூச்சம். வாஷ்பேசின்ல கால தூக்கி வெச்சா பாக்குறவங்களுக்கும் ஒரு மாதிரி இருக்கும், தரையெல்லாம் ஈரமாகி ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு ரெட்டிப்பு வேலை. நான் கண்டுபிடிச்ச வழி, ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி புடிச்சுக்கிட்டு டாய்லெட் கேபின் வாசல்ல, வடிகால் இருக்கிற பக்கமா கால கழுவிக்கிறது, கையும் மூஞ்சியும் பேசின்ல. ஒரு லிட்டர்ல முழு ஒளுவும் முடியும், ஊர்ல குழாய திறந்து விட்டு பழகினவங்களுக்கு நம்ப முடியாது, ஆனா முடியும். ஓஎம்ஆர் பூரா லாரி தண்ணி தான், 2019 ஜூன்ல தண்ணி இல்லாம இங்க பல கம்பெனிங்க ஆளுங்கள வீட்ல இருந்து வேலை பாக்க சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். முடிச்சதும் டிஷ்யூவால பேசின சுத்தி தொடச்சுட்டு வாங்க. இன்னொரு வழியும் உண்டு, காலையில முழு ஒளு செஞ்சுட்டு தோல் காலுறை போட்டுக்கிட்டா உள்ளூர்ல இருக்கிறவங்க ஒரு நாள் ஒரு ராத்திரி வரைக்கும் கால கழுவாம அது மேல மஸஹு (ஈரக்கையால தடவுறது) செஞ்சுக்கலாம், தோல் காலுறை கேட்டீங்கன்னா பள்ளிவாசல் பக்கத்து அத்தர் கடைகள்ல கிடைக்கும். எங்க ஹனஃபியில சாதாரண பருத்தி சாக்ஸ் மேல செய்யக்கூடாது, இத மாத்தி செஞ்சுட்டு இருக்கிற பசங்க நிறைய.

ஜும்மா

இதுல தான் நான் ரொம்ப தப்பு பண்ணேன். முதல் கம்பெனியில வெள்ளிக்கிழமை மதியம் வெளிய போறதுக்கு "டாக்டர பாக்கணும்", "பேங்க்ல வேலை"ன்னு ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். மேனேஜர் ஒரு நாள் கூப்ட்டு ஏதாச்சும் பெரிய வியாதியான்னு அக்கறையா கேட்டாரு, அப்பவும் உண்மைய சொல்லல. வேற மதத்து ஆளுங்க நடுவுல தொழுகைன்னு சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்களோன்னு ஒரு பயம், யாரும் அப்படி பாத்ததில்ல, பயம் பூரா எனக்குள்ள தான் இருந்துச்சு.

அத மாத்துனது எங்க டீம்ல இருந்த ஒரு அண்ணன். கார்த்திகை ஒண்ணாம் தேதி மால போட்டுக்கிட்டு கருப்பு வேட்டியோட, செருப்பில்லாம ஆபீஸ் வந்தாரு. யாருக்கும் எதையும் விளக்கிக்கிட்டு இருக்கல. அன்னைக்கே எல்லாரும் "சாமி, சாமி"ன்னு கூப்ட ஆரம்பிச்சுட்டாங்க, டீம் லஞ்ச் சைவ ஓட்டலுக்கு மாறிருச்சு, 41 நாளும் மொட்ட வெயில்ல பார்க்கிங் தாரு ரோட்டுல வெறுங்கால்ல நடந்து போவாரு. அவரு சாமிக்காக இவ்வளவு வெளிப்படையா நிக்கிறாரு, நான் என் தொழுகைக்கு பேங்க் வேலைன்னு பொய் சொல்லிக்கிட்டு திரியிறேனேன்னு வெக்கமா போச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜர் கிட்ட உள்ளத சொன்னேன். "இதுக்கா இத்தன நாள்"னு கேட்டாரு, அவ்வளவு தான் நடந்துச்சு.

அதனால புது வேலையில சேந்த முதல் வாரமே சொல்லிருங்க, வெள்ளிக்கிழமை 12.30-ல இருந்து 2 மணி வரைக்கும் இருக்க மாட்டேன், அந்த நேரத்த சாயங்காலம் ஈடு கட்டிருவேன்னு. கெஞ்சி கேக்க வேண்டியதில்ல, தகவலா சொன்னா போதும், ஈடு கட்டுறேன்னு சொன்னத மட்டும் கண்டிப்பா செய்யணும், நாம சரியா இருந்தா தான் நாளைக்கு சேர்ற இன்னொரு தம்பிக்கு அது சுலபமா இருக்கும். பள்ளிக்கு பள்ளி ஜும்மா நேரம் வேற, ஒரு இடத்துல 12.45, இன்னொரு இடத்துல 1.15, 1.30 கூட உண்டு, சுத்தி உள்ள ரெண்டு மூணு பள்ளியோட நேரத்த எழுதி வெச்சுக்கங்க, ஒண்ணு தவறினா இன்னொண்ணு. எங்க இருக்குன்னு மேப்ல தேடுறத விட ஆபீஸ் வாசல் ஆட்டோ ஸ்டாண்டுல கேளுங்க, உள் தெருவுல இருக்கிற சின்ன பள்ளி எல்லாம் அவங்களுக்கு தெரியும். சென்னையில சில பள்ளியில பயான் (மார்க்க சொற்பொழிவு) உருதுல நடக்கும், எங்கள மாதிரி தெக்கத்தி ஆளுங்களுக்கு புரியாது, தமிழ் பயான் எங்கன்னு விசாரிச்சு போங்க, வாரத்துக்கு ஒரு தடவ காதுல விழுற நாலு நல்ல வார்த்தையாச்சும் புரியணும்ல. மெட்ரோ வேலைக்காக ஓஎம்ஆர் பூரா ரோட்ட சுருக்கி வெச்சிருக்கிறதால கார் வேணாம், பைக்ல ரெண்டு பேரா போங்க, குத்பாவுக்கு (ஜும்மா உரைக்கு) முன்னாடியே போய் உக்காந்துறணும்.

நோன்பு மாசம்

சென்னையில பிப்ரவரி, மார்ச்ல நோன்பு வந்தா 13 மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, ஏசிக்குள்ள உக்காந்து வேலை பாக்குற நமக்கு அது பெரிய கஷ்டமே இல்ல, வெயில்ல சென்டரிங் வேலை பாத்துக்கிட்டு நோன்பு வெக்கிறவங்கள நினைச்சுக்கணும். நமக்கு கஷ்டம் தூக்கம் தான். ராத்திரி கால், தராவீஹ் (ரமலான் ராத்திரி தொழுகை) 20 ரக்அத், 4 மணிக்கு ஸஹர் (நோன்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சாப்பிடுறது). நான் இப்ப பண்றது, ரமலான் மாசத்துக்கு காலையில சீக்கிரம் வந்து சீக்கிரம் போற மாதிரி ஷிஃப்ட கேட்டு வாங்கிருவேன், மூளைய போட்டு பாக்க வேண்டிய வேலைய 11 மணிக்குள்ள முடிச்சுருவேன், மூணு மணிக்கு மேல தலைய வலிக்கும், அப்ப டாக்குமெண்ட் வேலை மாதிரி லேசானது. காபி குடிக்கிறவங்க நோன்புக்கு பத்து நாள் முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுருங்க, முதல் மூணு நாள் வர்ற தலைவலி முக்காவாசி அதனால தான்.

ஸஹருக்கு பிஜி சமையல்காரர் எந்திரிக்க மாட்டாரு, முன்கூட்டியே பேசி வெச்சுக்கணும், ராத்திரியே சோறும் குழம்பும் எடுத்து தனியா வெச்சுருங்கன்னு. நான் ஒரு ரமலான் மட்டும் திருவல்லிக்கேணி மேன்ஷன்ல ஊர்க்காரன் ரூம்ல தங்கினேன், தினம் ஓஎம்ஆர் போய்ட்டு வர்றது அலைச்சல் தான், ஆனா ஸஹர் நேரத்துக்கு அங்க ஓட்டல் திறந்திருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கும் தெருவுல ஆள் நடமாட்டம் இருக்கும், தனியா இருக்கோம்ங்கிற நினப்பே வராது. முடிஞ்சா ஒரு நாளாச்சும் திருவல்லிக்கேணி பெரிய பள்ளியில, அதான் வாலாஜா பள்ளிவாசல்ல, நோன்பு திறங்க. 1795-ல கருங்கல்லுல கட்டினது. அங்க நோன்பாளிங்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்புக்காரங்க பல வருஷமா சாப்பாடு கொண்டாந்து பரிமாறுறாங்க, பிரிவினையில சிந்துல இருந்து வந்த இந்து குடும்பங்கள் அவங்க. வரிசையா உக்காந்திருக்கும்போது ஒரு பெரியவர் குனிஞ்சு என் தட்டுல வெச்சுட்டு போனாரு, எங்க பாட்டனார் வயசு இருக்கும், அந்த ஒரு நாள நான் மறக்கவே மாட்டேன்.

நோன்பு கஞ்சிக்கு அசர் முடிஞ்சதும் டிபன் பாக்ஸோட பக்கத்து பள்ளிக்கு போங்க, வெக்கப்படாதீங்க, பெரிய சம்பளக்காரனும் அதே வரிசையில தான் நிக்கிறான். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காப்பால் எல்லாம் சேந்த கஞ்சி, காஞ்ச வயித்துக்கு அத விட இதமா ஒண்ணு கிடையாது. பஜ்ஜி போண்டாவ முதல்ல தின்னுட்டு 6.45-க்கு கால்ல உக்காந்தா தூக்கம் சொக்கும். கஞ்சிய ஆபீஸ்ல கூட உள்ளவங்களுக்கும் ஒரு டம்ளர் குடுங்க. 2025-ல மார்ச் 2 நமக்கு நோன்பு ஆரம்பிச்சது, மார்ச் 5 சாம்பல் புதன், என் பக்கத்து சீட்ல இருக்கிற தூத்துக்குடி அக்காவுக்கு தவக்காலம். ரெண்டு பேரும் மதியம் கேன்டீன் பக்கம் போகாம கோட் ரிவ்யூ பண்ணிக்கிட்டு இருப்போம், சாயங்காலம் அவங்க ஒருசந்திய (ஒரு வேளை மட்டும் சாப்பிடுற விரதத்த) முடிக்கிறதும் நான் நோன்பு திறக்கிறதும் ஒண்ணா நடக்கும், என் கஞ்சியில பாதி அவங்களுக்கு.

சம்பளம்

இத சுருக்கமா சொல்லிர்றேன். சேவிங்ஸ் அக்கவுண்ட்ல விழுற வட்டிய வருஷத்துக்கு ரெண்டு தடவ கணக்கு பாத்து தனியா எடுத்து, நன்மைய எதிர்பாக்காம கஷ்டப்படுறவங்களுக்கு குடுத்துருங்க. கிரெடிட் கார்டு வெச்சிருந்தா முழு தொகையும் தானா கட்டுற மாதிரி ஆட்டோ டெபிட் போடுங்க, மினிமம் கட்டுற பழக்கம் வந்துருச்சுன்னா வட்டிக்குள்ள போயிட்டீங்க. ஜகாத்துக்கு (கட்டாய தர்மத்துக்கு) ஒரு பிறை தேதிய முடிவு பண்ணி வெச்சுக்கங்க, எனக்கு ரமலான் பிறை 1. அன்னைக்கு கையில, பேங்க்ல இருக்கிறது, தங்கம், எல்லாம் சேத்து அளவ தாண்டி ஒரு பிறை வருஷம் ஆயிருந்தா நூத்துக்கு ரெண்டரை. அந்த அளவு வெள்ளிக்கு 612 கிராம் சொச்சம், தங்கத்துக்கு 87 கிராம் சொச்சம், நம்ம கணக்குல 11 பவுனுக்கு கிட்ட. வெள்ளி கணக்குல பாத்தா வேலைக்கு சேந்து ஒண்ணு ரெண்டு வருஷம் ஆன எல்லாருக்குமே அனேகமா கடமையாயிரும், நமக்கெல்லாம் இல்லன்னு நினைச்சு இருந்துறாதீங்க. பிஎஃப், ஷேர் எல்லாம் எப்படி சேக்கணும்னு ஆலிம்சா கிட்ட பேப்பரோட போய் உக்காருங்க. முதல் ஜகாத்த ஊர்ல யாருக்கு தேவைன்னு அம்மா கிட்ட கேட்டு குடுத்தேன், அம்மாவுக்கு தெரியாத வீடா.

சுபுஹ்

கடைசியா சரியானது இது தான், இன்னும் சில நாள் தவறும். ஜனவரியில சூரியன் உதிக்க 6.35 ஆகும், கொஞ்சம் தாராளம், மே கடைசி, ஜூன்ல 5.40 தாண்டினாலே கஸா. அலாரத்த ரூமோட அந்த கோடியில வெக்கிறது, ராத்திரி கால் இருக்கிற நாள் சாப்பாட்ட 8 மணிக்கே முடிக்கிறது, இதெல்லாம் பாதி தான் உதவுச்சு. நிஜமா உதவுனது ஆளுங்க. எங்க ஏரியாவுல நாலு பசங்க சேந்து ஒரு ஏற்பாடு, முதல்ல எந்திரிக்கிறவன் மத்தவனுக்கு போன் அடிக்கணும், எடுத்து "எந்திரிச்சுட்டேன்"னு வாயால சொல்ற வரைக்கும் அடிப்பான். விட்டுப்போன தொழுகைக்கு ஒரு சின்ன நோட்டு, தோராயமா எத்தனன்னு கணக்கு எழுதி, தினம் ஒவ்வொரு ஃபர்ளோட ஒரு கஸாவும் தொழுது கோடு போட்டு அடிச்சுக்கிட்டே வர்றேன், அந்த 6 மாசம் முடிஞ்சுருச்சு.

அது முடிஞ்ச அன்னைக்கு தான் அத்தா கிட்ட பழைய பொய்ய சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "எனக்கு தெரியும்ப்பா, உன் குரல்லயே தூக்கம் இருக்கும், நீயா சொல்லுவன்னு இருந்தேன்"னு சொன்னாரு. இப்ப சுபுஹ் முடிஞ்சு பள்ளிய விட்டு வெளிய வந்ததும் அவரே ஒரு மிஸ்டு கால் குடுப்பாரு, நான் திருப்பி ஒண்ணு குடுப்பேன்.

பெருநாளைக்கு ஊருக்கு போறது

பிறை பாத்து தான் பெருநாள், முந்தின நாள் ராத்திரி தான் தெரியும், அதனால ரெண்டு நாளைக்கும் லீவு போட்டுட்டு ஒண்ண கேன்சல் பண்ணிக்கிறேன்னு முன்னாடியே சொல்லி வெச்சுருங்க. 2024-ல ஏப்ரல் 11 வியாழக்கிழமை வந்துச்சு, 2025-ல 29 நோன்போட மார்ச் 31 திங்கக்கிழமை வந்துருச்சு, 30 ஆகும்னு நினைச்சு டிக்கெட் போட்டவங்க பெருநாள் தொழுகைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து பள்ளியில தொழுதாங்க. தெக்க போற பஸ்ஸு இப்ப கிளாம்பாக்கத்துல இருந்து தான், ஓஎம்ஆர்-ல இருந்து ஜிஎஸ்டி ரோட்டுக்கு சுத்திக்கிட்டு போகாம கேளம்பாக்கம் வண்டலூர் ரோட்டுல போயிருங்க. கம்பம் போற வண்டி விடியுற நேரத்துல இன்னும் வழியில தான் இருக்கும், சுபுஹ் பஸ்ஸுல தான் வரும், அதனால ஏறும்போதே டிரைவர் அண்ணன் கிட்ட அஞ்சே காலுக்கு மேல ஏதாச்சும் டீக்கடையில அஞ்சு நிமிஷம் நிறுத்துவீங்களாண்ணேன்னு கேட்டு வெச்சுருங்க, ஒரு பாட்டில் தண்ணிய கையில தனியா வெச்சுக்கங்க. ஏறும்போது கேட்டா முக்காவாசி பேரு மறக்காம நிறுத்தி, ஜன்னல தட்டி "தம்பி, தொழணும்னு சொன்னீங்கல்ல"ன்னு அவங்களே எழுப்பி விடுறாங்க.